இருபத்து நான்கா முப்பத்தைந்தா

ஜனவரி 19, ஞாயிறு

ஒரு லென்ஸ் வாங்க வேண்டும். எது என்று முடிவு செய்வதற்காக மட்டுமே இந்த நாட்குறிப்பு. வேறு எந்த விஷயமும் இதில் வராது.

தெய்வேந்திரனாகிய நான் வாகனக் காப்பீட்டு சர்வேயர். இடித்த கார்களையும் இடிபட்ட கார்களையும் படம் எடுத்து, சேதம் எவ்வளவு என்று எழுதிக் கொடுப்பது தொழில். மதுரையில் நசுங்கிய பம்பர்களில் பாதியையாவது நான் எடுத்திருப்பேன். ஒருவர்கூட அதைச் சட்டம் போட்டு வீட்டில் மாட்டியதில்லை. ஆனாலும் உள்ளுக்குள் ஒரு கலைஞன் இருக்கிறான் என்ற நினைப்பு எனக்குக் குறைந்தபாடில்லை. அவனுக்காகத் தனியாக ஒரு கேமராவும், முழங்கை நீளத்துக்கு ஒரு ஜூம் லென்ஸும் வைத்திருக்கிறேன். கண்மாய்க் கரையில் உட்கார்ந்து எதிர்க்கரைக் கொக்கை எடுப்பேன். கொக்கு என்னைக் கண்டுகொள்ளாது. எனக்கும் அதுதான் வசதி.

இப்போது தேவைப்படுவது வேறு மாதிரி. ஜூம் கிடையாது. சின்ன அறைக்குள் நின்றாலும் அகலமாகப் பிடிக்க வேண்டும், குறைந்த வெளிச்சத்திலும் எடுக்க வேண்டும். களத்தில் இருப்பவை இரண்டு: இருபத்து நான்கு, முப்பத்தைந்து. எண் சிறியதாக இருந்தால் அதிக இடம் படத்துக்குள் வரும், ஆனால் முகங்கள் இழுத்துக்கொண்டு போகும். எண் பெரியதானால் முகம் முகமாக இருக்கும், இடம் போதாது. இரண்டுமே 1.4. லென்ஸ் எவ்வளவு அகலமாகக் கண்ணைத் திறக்கும் என்பதற்கான கணக்கு அது. இந்த எண் குறைவாக இருந்தால் இருட்டைப் பற்றிக் கவலையில்லை.

எதற்கு என்று யாராவது கேட்டால், நட்சத்திரங்களை எடுக்க.

மங்கை படுத்திருக்கிறாள். ஐந்தாம் மாதம். கர்ப்பப்பை வாயில் தையல் போட்டு, குளியலறை தவிர வேறெங்கும் எழுந்து போகக் கூடாது என்று டாக்டரம்மா சொல்லியிருக்கிறார். பள்ளிக்கூடத்துக்கு நீண்ட விடுப்பு எழுதிக் கொடுத்தாயிற்று. இது லென்ஸ் சம்பந்தப்பட்டது அல்ல. வீட்டு நிலவரத்துக்காக எழுதினேன்.

ஜனவரி 21, செவ்வாய்

இருபத்து நான்கு.

ஜனவரி 22, புதன்

முப்பத்தைந்து.

ஜனவரி 23, வியாழன்

ஒரு விமர்சகர் சொல்கிறார், இருபத்து நான்கில் ஓரத்து நட்சத்திரங்கள் எல்லாம் புள்ளியாக இல்லாமல் இறக்கை விரித்த குருவி மாதிரி வருகின்றனவாம். மனசு உடைந்துவிட்டது. நான் இதுவரை ஒரு நட்சத்திரத்தைக்கூடப் படம் எடுத்ததில்லை. எங்கள் எல்லீஸ் நகர் மாடியில் நின்றால் தெரிவது தெருவிளக்கும் செல்போன் கோபுரமும்தான். ஆனாலும் குருவி என்றால் குருவிதானே.

அந்த வீடியோ முடிவதற்குள் பருப்பு அடிப்பிடித்துவிட்டது. மங்கை படுக்கையிலிருந்து, "என்னங்க, இன்னிக்கும் லென்ஸ் குழம்பா?" என்றாள்.

ஜனவரி 26, ஞாயிறு

விடுமுறை. ரவூஃப் ஸ்டுடியோவுக்குப் போனேன். ரவூஃப் என்னோடு பத்தாம் வகுப்பு படித்தவன். கல்யாணம், காதுகுத்து எல்லாவற்றுக்கும் படம் எடுக்கிறான். என் உள்ளே இருப்பதாக நான் நம்பும் கலைஞன் அவனுக்குள் நிஜமாகவே இருக்கிறான், அதை அவன் வெளியே சொல்வதில்லை. இரண்டு லென்ஸும் அவனிடம் இருக்கின்றன.

இருபத்து நான்கை மாட்டி அவன் முகத்துக்குப் பக்கத்தில் போய் ஒன்று எடுத்தேன். மூக்கு முன்னால் வந்து நின்றது, காது இரண்டும் அடுத்த ஊரில் இருந்தன.

"என் பொண்டாட்டி இதப் பாத்தா பெட்டியக் கட்டிருவா," என்றான். "எதுக்கு மாப்ள இது ஒனக்கு?"

"நட்சத்திரம் எடுக்க."

"நீ ஒம்பது மணிக்குக் கொறட்ட விடுற ஆளு."

நான் கேட்க வேண்டியதைக் கேட்டேன். பொருளுக்கு எவ்வளவு கிட்டப் போனால் ஃபோகஸ் ஆகும்? ஃபோகஸ் ஆகும்போது உள்ளே மோட்டார் சத்தம் வருமா? ஷட்டர் சத்தத்தை முழுக்க நிறுத்த முடியுமா?

ரவூஃப் லென்ஸைத் துடைப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தான்.

"நட்சத்திரத்துக்கு எவ்வளவு கிட்ட போகப் போற? சத்தம் கேட்டா அது முழிச்சுக்குமா?"

பேச்சை மாற்றி டீ சொன்னேன். அவனும் அதற்கு மேல் கேட்கவில்லை. கிளம்பும்போது முப்பத்தைந்தை ஒரு துணிப்பையில் சுற்றிக் கொடுத்தான். "கொண்டு போ. வீட்ல வச்சு பாரு. முகூர்த்தம் வந்தா மட்டும் குடுத்துரு."

பிப்ரவரி 2, ஞாயிறு

முத்துலட்சுமி அக்கா அருப்புக்கோட்டையிலிருந்து வந்துவிட்டது. இனி சமையல் அக்கா பொறுப்பு. பருப்புக்கு விடுதலை.

வந்து கால் கழுவுவதற்குள் சட்டம் போட்டது. "டேய் தம்பி, நல்லா கேட்டுக்க. புள்ளைக்குன்னு ஒரு துணி, ஒரு கிலுகிலுப்பை, ஒண்ணும் இந்த வீட்டுக்குள்ள வரக்கூடாது. கையில புள்ள வந்தப்புறம் வாங்கிக்கலாம். பேரும் யோசிக்காத."

அக்கா சொல்வதில் எனக்கு மறுப்பில்லை. இதற்கு முன் இரண்டு முறை ஆகியிருக்கிறது. இரண்டாவது மூன்றாம் மாதத்திலேயே. முதலாவது ஆறாம் மாதம் வரை வந்தது. அப்போது நான் எதுவும் தெரியாத சந்தோஷத்தில் கடை கடையாக ஏறி, மஞ்சள் நிறத்தில் கொசுவலை வைத்த மெத்தை ஒன்று வாங்கிவிட்டேன். மங்கை ஆஸ்பத்திரியிலிருந்து வருவதற்குள் அதை வீட்டை விட்டு எடுத்துப் போனேன். எங்கே கொண்டு போனேன் என்று அவள் இதுவரை கேட்டதில்லை.

இது லென்ஸ் நாட்குறிப்பு.

அக்கா மேசை மேல் இருந்த முப்பத்தைந்தைத் தூக்கிப் பார்த்தது. "இது என்னடா, புட்டு கொழா மாதிரி?"

"கேமராவுக்கு, அக்கா. நான் வாங்கலாம்னு…"

"ஒன் வெளாட்டு சாமானா? அது வாங்கிக்க. அதுக்கென்ன."

அனுமதி கிடைத்துவிட்டது.

பிப்ரவரி 6, வியாழன்

பைபாஸ் ரோட்டில் ஒரு ஒர்க்‌ஷாப். லாரிக்குப் பின்னால் போய்ச் சொருகிய கார். ரவூஃபின் முப்பத்தைந்தில் அதன் முகப்பை எடுத்தேன். நசுங்கிய முகப்பும் உடைந்த விளக்கும் அவ்வளவு மென்மையாக, பின்னணி எல்லாம் கரைந்து, ஏதோ பத்திரிகை அட்டைப்படம் மாதிரி வந்தது. அலுவலகத்தில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். முகப்புக்குப் பின்னால் இருக்கும் சேதம் தெரியவில்லையாம். போனிலேயே மறுபடி எடுத்தேன்.

பிப்ரவரி 9, ஞாயிறு

வீட்டுச் சோதனை. மங்கையின் அறை சின்னது. கட்டில், ஒரு பீரோ, ஒரு ஜன்னல். பீரோவில் முதுகை ஒட்டிக்கொண்டு முப்பத்தைந்தில் பார்த்தேன். தலையணை வந்தால் கால் வரவில்லை, கால் வந்தால் ஜன்னல் வரவில்லை. பீரோ மேல் ஏறலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது அக்கா எட்டிப் பார்த்து, "பல்லி புடிக்கிறியா?" என்றது.

மங்கை பத்தாம் வகுப்பு விடைத்தாள்களுக்கு நடுவில் படுத்திருந்தாள். விடுப்பில் இருந்தாலும் யாரோ சக ஆசிரியை கொண்டுவந்து போட்டுவிட்டுப் போகிறார், அவளும் அதைத்தான் விரும்புகிறாள். சிவப்புப் பேனாவைக் காதில் சொருகிக்கொண்டு என்னைக் கவனித்துக்கொண்டே இருந்தாள்.

"என்னங்க, என்னைய ஒரு ஓரத்துல தள்ளிட்டு அந்தப் பக்கம் சும்மா கெடக்குற மெத்தையவே எடுத்துட்டு இருக்கீங்க?"

"அது காம்போசிஷன்," என்றேன்.

"ஓகோ."

கொஞ்ச நேரம் திருத்தினாள். பிறகு காலடியில் கிடந்த சின்னத் தலையணையை எடுத்து, தன் பக்கத்தில், அந்தக் காலி இடத்தில், நீளவாக்கில் வைத்தாள். அதன் மேல் துண்டைப் போர்த்தினாள். துண்டின் ஓரத்தைச் சரி செய்தாள்.

"இப்ப எடுத்துப் பாருங்க. அளவு சரியா இருக்கும்."

எனக்குக் கண்ணில் ஏதோ விழுந்துவிட்டது. குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன். திரும்பி வந்தபோது தலையணை பழைய இடத்துக்குப் போயிருந்தது. அக்கா பார்த்துவிடும் என்று எடுத்திருப்பாள்.

முடிவு: இந்த அறைக்கு முப்பத்தைந்து பத்தாது. இருபத்து நான்குதான்.

பிப்ரவரி 16, ஞாயிறு

கடைக்காரரிடம் இருபத்து நான்குக்குச் சொல்லி வைத்தேன். சென்னையிலிருந்து வர வேண்டுமாம், எப்போது வரும் என்று அவருக்கே தெரியாது. விலையை இங்கே எழுதுவதாக இல்லை. மங்கை கணக்கு டீச்சர்.

மார்ச் 1, சனி

ஸ்கேன். காரை மாட்டு வண்டி மாதிரி மெதுவாக ஓட்டிப் போனேன். மேடு பள்ளத்தில் எல்லாம் அக்கா பின் சீட்டிலிருந்து "முருகா" என்றது.

ஸ்கேன் அறையில் விளக்கை அணைத்துவிட்டார்கள். திரை வெளிச்சம் மட்டும். நான் உடனே கணக்குப் போட ஆரம்பித்தேன். 1.4 வைத்து, அறுபதில் ஒரு பங்கு நொடி வைத்தால், கேமராவின் வெளிச்ச உணர்வை மூவாயிரத்துக்கு மேல் ஏற்ற வேண்டும். படத்தில் கொஞ்சம் குருணை மாதிரி புள்ளி தட்டும். கறுப்பு வெள்ளையாக மாற்றிவிட்டால் தெரியாது. மங்கையின் முகத்தில் பாதி நிழலில் போகும், அது நன்றாகத்தான் இருக்கும்.

"என்ன கணக்கு?" என்றாள் மங்கை. என் உதடு அசைந்திருக்கிறது.

"சும்மா."

"அங்க பாருங்க."

"பாக்குறேன்."

"செவுத்தப் பாக்குறீங்க. திரைய பாருங்க."

பார்த்தேன். டாக்டரம்மா ஏதோ ஒரு பொத்தானை அமுக்க, அறை முழுக்கக் குதிரை ஓடுகிற மாதிரி சத்தம் கேட்டது. இதயம். அதற்கு மேல் நான் எந்தக் கணக்கும் போடவில்லை.

தையல் கொஞ்சம் இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்கிறதாம். "ஒவ்வொரு வாரமும் நமக்கு லாபம்," என்றார் டாக்டரம்மா.

மார்ச் 9, ஞாயிறு

ஏழாம் மாதம். வளைகாப்பு இல்லை என்று அக்கா முன்னமே சொல்லிவிட்டது. இன்று காலை பூக்காரம்மாவிடம் பேசிக்கொண்டிருந்த அக்கா, திரும்பி வரும்போது முந்தானையில் எதையோ முடிந்துகொண்டு வந்தது. மத்தியானம் பார்த்தால் மங்கையின் கையில் பச்சைக் கண்ணாடி வளையல் நாலைந்து.

"அக்கா, ஒண்ணும் வாங்கக்கூடாதுன்னு…"

"இது புள்ளைக்கு வாங்குனதாடா? இது மங்கைக்கு. ஒன் சோலியப் பாரு."

எங்கள் குடும்பத்தில் விதியை வளைப்பவன் நான் ஒருவன் மட்டும் அல்ல போலிருக்கிறது.

மார்ச் 14, வெள்ளி

மதியம் சாப்பிட்டு எழுந்தபோது மங்கைக்கு இரத்தம். ஆஸ்பத்திரியில் சேர்த்தாயிற்று.

மார்ச் 15, சனி

குழந்தையின் நுரையீரல் சீக்கிரம் தயாராவதற்கு ஊசி போடுகிறார்கள். "இப்போதைக்கு நின்னிருக்கு. பார்ப்போம்," என்கிறார் டாக்டரம்மா. பார்ப்போம் என்ற வார்த்தையை நானும் வண்டிக்காரர்களிடம் தினமும் சொல்கிறேன். அதைக் கேட்பவருக்கு எப்படி இருக்கும் என்று இத்தனை நாள் தெரியாது.

வராந்தாவில் உட்கார்ந்து லென்ஸ் விமர்சனங்களைப் படித்தேன். பாதியில் ஒரு வரிகூட மனசில் பதியவில்லை என்று தெரிந்தது. கடைக்காரருக்குப் போன் போட்டு, வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

"வண்டி ஏறிருச்சே சார், என்ன காரணம்?"

"ஓரத்தில் கூர்மை பத்தல."

மார்ச் 18, செவ்வாய்

மங்கையை வார்டுக்கு மாற்றினார்கள். கட்டிலின் கால்மாட்டை மேலே உயர்த்தி வைத்திருக்கிறார்கள். தலைகீழாகத் தொங்குவது போல் இருக்கிறது என்கிறாள். முகம் வீங்கிப் போயிருந்தது. அக்கா இட்லி எடுத்து வர வீட்டுக்குப் போயிருந்தது, நாங்கள் இருவர் மட்டும்.

"லென்ஸ் வந்துருச்சா?" என்றாள்.

"இல்ல. வேணாம்னு சொல்லிட்டேன்."

"ஏன்?"

"ஓரத்துல கூர்மை பத்தலயாம். விமர்சனத்துல போட்டிருக்கான்."

மங்கை கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கன்னத்திலிருந்து காதுப் பக்கமாகத் தண்ணீர் இறங்கியது. சாய்ந்த கட்டிலில் கண்ணீர்கூட வேறு வழியில் போகிறது. பிறகு சொன்னாள்:

"ஓரத்துல யாரு படுக்கப் போறா? புள்ள நடுவுலதான இருக்கும்?"

நான் ஜன்னலைப் பார்த்தேன்.

"இங்க பாருங்க. எனக்கு ரெண்டு மாசமா தெரியும், நீங்க எதுக்குத் தேடுறீங்கன்னு. நான் கெடந்த கெடையில, இந்த வீட்ல ஒரு ஆளு நம்பிக்கையா ஒரு சாமான் தேடிட்டு இருக்காருன்னு, அதத்தான் புடிச்சுக்கிட்டு இருந்தேன். நீங்களும் வேணாம்னு சொன்னா எப்பிடிங்க?"

"மங்கை…"

"போன் போடுங்க. இப்பவே. என் முன்னாடி."

போட்டேன். கடைக்காரர் எடுத்ததும் போனை அவளிடம் நீட்டினேன். மங்கை போனை வாங்கி, வகுப்பில் பேசும் குரலில் பேசினாள். "ஆமா சார், இருபத்து நாலு. ஓரமெல்லாம் பரவால்ல. அனுப்பிருங்க."

தைரியம் என்ற விஷயத்தில் எங்கள் வீட்டில் யார் சர்வேயர், யார் நசுங்கிய பம்பர் என்பது இன்று தெளிவாகிவிட்டது.

ஏப்ரல் 6, ஞாயிறு

காலையில் வலி. தையலை எடுத்துவிட்டார்கள். இனி தடுக்க முடியாதாம்.

வெளியே நின்றேன். பக்கத்தில் அக்கா. ஒரு சிஸ்டர் கதவைத் திறந்து, "மங்கையர்க்கரசி வீட்டுக்காரர் யாரு? பொம்பளப் புள்ள. ஒண்ணு புள்ளி நாலு," என்றார்.

நான் சிரித்துவிட்டேன். லென்ஸ் எண்ணாகவே காதில் விழுந்தது, கிலோ என்பது உறைக்க இரண்டு நிமிஷம் ஆயிற்று. எடை மிகவும் குறைவு என்று அந்தச் சிஸ்டர் கவலையோடு விளக்க, நான் இன்னும் சிரித்துக்கொண்டே இருந்தேன். அப்புறம் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டேன். அக்கா என் தலையைத் தன் சேலையோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டது. சிஸ்டர் அக்காவிடம், "இவருக்கும் ஏதாவது குடிக்கக் குடுங்கம்மா," என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஏப்ரல் 7, திங்கள்

லென்ஸ் வந்துவிட்டது. பெட்டியைப் பிரிக்கவில்லை.

ஏப்ரல் 9, புதன்

குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவில் கேமரா, போன் எதற்கும் அனுமதியில்லை. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்க்கலாம். கண்ணாடியில் என் முகமும் சேர்ந்து தெரிவதால், எப்படி நின்றாலும் என் மூக்கு அவள் மேல் விழுகிறது. மஞ்சள் காமாலைக்காக நீல விளக்கின் கீழ் வைத்திருக்கிறார்கள். கண்ணைத் துணியால் மறைத்து, ஒரு கை அளவுக்கு இருக்கிறாள். எந்தக் கேமராவும் அந்த நீலத்தை ஒழுங்காகக் காட்டாது.

இன்று நான் நின்றுகொண்டிருந்தபோது ஒரு கருவி கத்தியது. சிஸ்டர் ஒருத்தர் ஓடி வந்து அவள் உள்ளங்காலைத் தேய்த்தார். தேய்த்துக்கொண்டே இருந்தார். பிறகு கருவி கத்துவதை நிறுத்தியது. குறைமாதக் குழந்தைகள் சில நேரம் மூச்சு விட மறந்துவிடுமாம். ஞாபகப்படுத்தினால் விடுமாம். ரொம்பச் சாதாரணமாகச் சொன்னார்.

மங்கையிடம் சொல்லவில்லை. அவளுக்குக் காய்ச்சல். "எப்பிடி இருக்கா?" என்றதற்கு, "உன்ன மாதிரி. சொன்னாத்தான் கேக்குறா," என்றேன்.

ஏப்ரல் 11, வெள்ளி

மூச்சு. மறக்கவில்லை.

ஏப்ரல் 13, ஞாயிறு

மூச்சு. பாலும். குழாய் வழியாக, மங்கையின் பால். ஒரு கரண்டிகூட இருக்காது. அக்கா அதை வெற்றிச் செய்தி மாதிரி அருப்புக்கோட்டை முழுக்கப் போனில் சொல்லிவிட்டது.

ஏப்ரல் 19, சனி

நீல விளக்கை எடுத்துவிட்டார்கள். பக்கத்து அறைக்கு மாற்றியிருக்கிறார்கள். அந்த அறைக்குப் பொறுப்பு ஜெயசீலி சிஸ்டர்.

காலையில் அவர் என்னைக் கூப்பிட்டு, "சார், குளிச்சுட்டு வந்தீங்களா? சட்டை பட்டனக் கழட்டிட்டு அந்த நாற்காலில சாஞ்சு உக்காருங்க," என்றார். குழந்தையை நெஞ்சோடு நெஞ்சாக வைத்தால் அதன் சூடும் மூச்சும் சீராகுமாம். மங்கைக்கு இன்னும் காய்ச்சல் முழுக்க விடவில்லை, அதனால் முதல் முறை அப்பா.

"எனக்கு நெஞ்சுல முடி ஜாஸ்தி, சிஸ்டர்."

"அவ ஒண்ணும் சொல்ல மாட்டா சார். உக்காருங்க."

உட்கார்ந்தேன். வைத்தார்கள். ஒரு சூடான தோசை அளவுதான் கனம். மேலே துணியைச் சுற்றிக் கட்டினார்கள். நான் மூச்சை அடக்கிக்கொண்டேன், சிஸ்டர் திட்டினார். "நீங்க மூச்சு விட்டாத்தான அவ பாத்துக் கத்துக்குவா?"

அப்போது வாசலில் சக்கர நாற்காலி சத்தம். காய்ச்சல் விட்டுவிட்டதா என்று பார்த்தால், முகக்கவசம் போட்டுக்கொண்டு மங்கை, பின்னால் தள்ளிக்கொண்டு அக்கா. மங்கையின் மடியில் என் கேமரா. அதில் இருபத்து நான்கு மாட்டியிருந்தது. பெட்டியை அக்கா பிரித்திருக்கிறது, ரவூஃப் வந்து மாட்டிக் கொடுத்திருக்கிறான், டாக்டரம்மாவிடம் மங்கை அனுமதி வாங்கியிருக்கிறாள். இவர்கள் எல்லோரும் சேர்ந்து இத்தனையும் செய்திருக்கிறார்கள். மூன்று மாதம் ஆராய்ச்சி செய்த எனக்கு மட்டும் ஒன்றும் தெரியாது.

"ஃப்ளாஷ் கெடையாது, ரெண்டு நிமிஷம்," என்றார் ஜெயசீலி சிஸ்டர்.

"மங்கை, கேமரா மேல இருக்கிற சக்கரத்த…" என்று ஆரம்பித்தேன். நெஞ்சு அதிர்ந்தது. குழந்தை முகத்தைச் சுளித்தது. வாயை மூடிக்கொண்டேன். கண்ணால் ஜாடை காட்டிப் பார்த்தேன். மங்கை அதைக் கவனிக்கவே இல்லை.

"ரொம்ப தூரத்துல தெரியிறீங்க," என்றாள். "இன்னும் கிட்ட தள்ளுங்க, மதினி."

அக்கா தள்ளியது. இன்னும் கொஞ்சம். சக்கரம் என் கால் கட்டை விரலில் ஏறி நின்றது. கத்த முடியாது. மங்கையின் முழங்கால் என் முழங்காலில் இடித்தது. அவள் கேமராவைக் கண்ணருகே தூக்கினாள். இறக்கினாள். மறுபடி தூக்கினாள்.

"ஒண்ணும் தெரியலங்க. எல்லாம் கலங்கலா இருக்கு."

அவள் கண்தான் கலங்கியிருந்தது. சிஸ்டர் அவளுடைய கண்ணைத் துடைத்துவிட்டார். அதற்குள் குழந்தை என் நெஞ்சு முடியில் ஒரு கொத்தைப் பிடித்து இழுத்தது. நல்ல பிடி. நான் சத்தம் போடாமல் வாயைத் திறந்தேன். அந்த நேரத்தில் மங்கை அமுக்கிவிட்டாள்.

மே 4, ஞாயிறு

வீட்டுக்கு வந்துவிட்டார்கள். ஏறத்தாழ இரண்டு கிலோ. ரவூஃப் தன் காரில் கூட்டி வந்தான், ஸ்கேனுக்கு நான் ஓட்டியதைவிட மெதுவாக. பின்னால் வந்த பஸ்காரர் என்னென்னவோ சொன்னார். ரவூஃப் கண்ணாடியை இறக்கி, "புள்ள இருக்குண்ணே," என்றான். அவர் கையைக் காட்டிவிட்டு ஹாரனை விட்டுவிட்டார்.

அக்கா வாசலில் ஆரத்தி எடுத்த கையோடு என்னைக் கடைக்கு விரட்டியது. துணி, துண்டு, எண்ணெய், குளிப்பாட்டும் தொட்டி, எல்லாம் இன்றே வேண்டும். கடையில் ஒரு பெண், "சார், மூணு கம்பெனி இருக்கு, பாக்குறீங்களா?" என்று கேட்டாள். முன்னால் இருந்ததை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

மே 11, ஞாயிறு

பாப்பா பகல் முழுக்கத் தூங்குகிறாள். அவள் தூங்கும்போது நாங்களும் தூங்குகிறோம். கேமரா எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. அக்கா அதன் மேல் துணி காயப்போட்டிருக்கலாம்.

மே 18, ஞாயிறு

ரவூஃப் அந்தப் படத்தைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டு, சட்டம் மாட்டி எடுத்துக்கொண்டு வந்தான். நானே இன்றுதான் ஒழுங்காகப் பார்க்கிறேன்.

நேர்மையாகச் சொன்னால் மோசமான படம். சாய்ந்திருக்கிறது. பாதி இடத்தை என் இரட்டைத் தாடை அடைத்துக்கொண்டிருக்கிறது. வாய் திறந்திருக்கிறது. மூக்கு உரல் மாதிரி. மேல் மூலையில் சிஸ்டரின் கை. ஃபோகஸ் என் சட்டைக் காலரில் இருக்கிறது, அதுவும் அழுக்குக் காலர். அதற்குக் கீழே, கொஞ்சம் மங்கலாக, தொப்பிக்குள்ளிருந்து ஒரு சின்ன முகம், யாரையோ அதட்டப் போகிற மாதிரி.

சுவரில் மாட்டிவிட்டு நால்வரும் பார்த்துக்கொண்டு நின்றோம். அக்கா மூக்கை உறிஞ்சியது. பாப்பா மங்கையின் தோளில் தூங்கிக்கொண்டிருந்தாள்.

கொஞ்ச நேரத்தில் கதவு திறந்து கிடப்பதைப் பார்த்து மாடி வீட்டுக்காரர் உள்ளே வந்தார். புதிதாகக் கேமரா வாங்கியிருப்பவர். படத்தின் அருகே போய், தள்ளி வந்து, மறுபடி அருகே போய்ப் பார்த்தார்.

"நல்லாருக்கு சார். எந்த லென்ஸ்ல எடுத்தது?"

"மங்கை எடுத்தது," என்றேன்.